பவளக்காலியின் இடது கால்

அத்தியாயம் 5

மூன்றாவது நாளும் காலை ஆறு பத்துக்குப் படம் வந்தது.

ஒரு பவளக்காலி ஆழமில்லாத தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, குச்சி குச்சியாய் இரண்டு சிவப்புக் கால்கள். கீழே ஒரே ஒரு சொல்: "நலம்."

பறவை ஆர்வலர் சங்கத்தின் குழுவில் நூற்று எண்பத்தாறு பேர். ஏழு மணிக்குள் எழுபது பேர் இதயம் போட்டுவிட்டார்கள். முதுகின் நிறத்தை வைத்து இது ஆணா பெண்ணா என்று இரண்டு பேர் சண்டைக்கே போனார்கள். படம் அனுப்பியவள் உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் அவளுடைய அப்பா. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக எங்களிடம் வந்தார். அங்கே சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "வயசுப் பொண்ணு. தினமும் படம் வேற அனுப்புறா. உனக்கு என்னய்யா பிரச்சினை?"

வசதியான வீட்டுப் பெண்ணை மூன்று நாள் காணோம் என்றால் கடத்தல். பறவை பிடித்து விற்றவன் மகளைக் காணோம் என்றால் ஓடிப்போய்விட்டாள். இந்த அகராதியை அச்சடித்த மகராசனை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

எங்களிடம் என்றால், என்னிடமும் போஸ்ட்மாஸ்டரிடமும். அவர் ஒருநாளும் போஸ்ட்மாஸ்டராக இருந்ததில்லை. தபால் இலாகாவில் காணாமல் போன கடிதங்களைத் தேடிப் பிடிக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு காணாமல் போன மனிதர்களைத் தேடுகிறார். நான் உதவியாளர். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி.

அந்த அப்பாவின், அதாவது வலைக்காரரின் வீட்டு முன்னறையில் காலை வைத்ததுமே நான் மாட்டிக்கொண்டேன்.

"அசையாதே பாப்பா! இழுத்தா வலை போயிடும்!"

எதிரில் ஒன்றுமே இல்லை. ஆனால் என் சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், பையின் கொக்கி மூன்றையும் காற்று பிடித்து வைத்திருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தபோதுதான் தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு நூல் தெரிந்தது. கிழிசல் தைப்பதற்காக அறைக்குக் குறுக்கே கட்டியிருந்தார்.

"பறவைக்குன்னு செஞ்ச வலை. ஆனா அதுக்கு மனுசனோட பொத்தான்னா உசுரு," என்றபடி ஒவ்வொன்றாக விடுவித்தார். "வலையைப் பார்த்தா குனிஞ்சிடணும் பாப்பா. குனிஞ்சவன் தப்பிச்சுக்குவான். நிமிர்ந்து வர்றவன்தான் சிக்குவான்."

"எங்க வீட்டுல குனியக் குனியக் குட்டுவாங்கன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க ஐயா."

அவர் பாதி சிரித்தார். மீதிப் பாதி வரவில்லை.

அவருடைய மகள்தான் சங்கத்தின் வளையக்காரி. ஏரிக்கு வரும் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்துப் பறக்க விடுவாள். வளையத்தின் எண், நிறம், பிடித்த இடம் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறும். அப்பா விற்பதற்காகப் பிடித்ததை மகள் விடுவதற்காகப் பிடித்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. சங்கத்தின் ஆண்டு மலரில் அவள் படத்துக்குக் கீழே 'உதவியாள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதே படத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த நாய்க்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஏரியைப் பற்றிய விசாரணை. வடக்குப் பாதியில் மண் கொட்டி மேடாக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. சங்கம் கொடுத்த கணக்கெடுப்பின்படி இந்தப் பருவத்தில் வந்த பறவைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவு குறைச்சல் என்றால் ஏரிக்குப் பாதுகாப்புக் கிடையாது. கையெழுத்துப் போட்டவர் சங்கத் தலைவர், ஒரு டாக்டர். போன வாரக் கூட்டத்தில் வளையக்காரி எழுந்து ஒரே கேள்விதான் கேட்டாள்: "முந்நூத்திப் பன்னிரண்டு பறவைக்கு நான் எப்படி ஆயிரத்து நூறு வளையம் மாட்டினேன்?"

மறுநாளிலிருந்து அவளைக் காணோம். தூரத்தில் எங்கோ கணக்கெடுக்கப் போயிருக்கிறாள் என்று சங்கம் சொன்னது. படங்கள் அதற்குச் சாட்சி.

"இன்னைக்கு வந்த படத்தைக் காட்டு," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

'இயற்கை என் உயிர்' என்று ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு நேற்றுதான் அந்தக் குழுவில் சேர்ந்திருந்தேன். போனை நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார், சாய்த்தார், புரட்டினார். எதையும் பின்பக்கம் பார்க்காமல் விடமாட்டார். இருபத்தாறு வருடம் கவர்களைப் பார்த்துப் பிடித்த வியாதி.

"சார், பின்பக்கம் கம்பெனி பேரு மட்டும்தான் இருக்கும்."

"நான் பார்க்கட்டுமா?" என்றார் வலைக்காரர். அவருடைய போனில் படம் தெரியாது. மூன்று நாளாக மகள் அனுப்பிய படங்களை மற்றவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். போனைக் கண்ணருகே கொண்டுபோனார். விரல் நுனியைப் பறவையின் காலில் வைத்தார்.

"கால் மாறியிருக்கு."

"என்னது?"

"அலுமினிய வளையம் வலது கால்ல. நிற வளையம் ரெண்டும் இடது கால்ல. அப்படித்தான் மாட்டுவா. இதுல பாருங்க, அலுமினியம் இடது கால்ல இருக்கு."

"அவசரத்துல மாத்தி..."

"பல்லு விளக்கும்போது எந்தக் கைன்னு யோசிப்பியா பாப்பா? என் பொண்ணு மாத்த மாட்டா."

மூன்று படங்களையும் பார்த்தோம். மூன்றிலும் அலுமினியம் இடது காலில்.

சுவரில் முகம் மழிக்கும் கண்ணாடி ஒன்று தொங்கியது. போஸ்ட்மாஸ்டர் எழுந்துபோய் என் போனை அதற்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் பவளக்காலி எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. அலுமினிய வளையம் வலது காலுக்குப் போயிருந்தது.

நான் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.

"படத்தை இடவலமாத் திருப்பியிருக்காங்க," என்றார். "பழைய படத்தைத் திரும்பப் போட்டா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு திருப்பியிருக்கலாம். ஆனா இந்த மூணும் குழுவுல இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை. நாலு வருசத்துப் படத்தையும் நேத்து உன் போன்லயே பார்த்துட்டேன். அப்ப திருப்பினது அவதான். யாரோ பக்கத்துல நின்னு அனுப்பச் சொல்றாங்க, 'நலம்'னு எழுதச் சொல்றாங்க. அவ திருப்பி விடுறா. இதை நம்பாதீங்கன்னு சொல்றா."

"நூத்தி எண்பத்தாறு பேர் பார்த்தாங்களே சார்!"

"அவங்க முதுகைப் பார்த்தாங்க. காலைப் பார்க்கிறது வேலை செய்யறவங்க."

வலைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உசுரோட இருக்கு."

"காலைல ஆறு பத்துக்கு இருந்தா," என்றார் போஸ்ட்மாஸ்டர். பொய் ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. "நம்பாதேன்னு சொல்ல ஒரே பறவை போதுமே. எதுக்கு மூணு வேற பறவை?"

வேறு வேறு பறவைகள்தான். நிற வளையங்கள் வேறு வேறாக இருந்தன. மஞ்சள் பச்சை. வெள்ளை சிவப்பு. நீலம் நீலம். ஒரு ஜோடி நிறம் ஒரே ஒரு பவளக்காலிக்குத்தான் போகும் என்றார் வலைக்காரர். எது யாரென்று பதிவேடு சொல்லும்.

"பதிவேடு எங்கே?"

அவர் எங்களை எடைபோட்டுப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த வலைச் சுருளைப் பிரித்தார். நடுவில் துணியில் சுற்றிய தடித்த நோட்டு. "யார் கேட்டாலும் குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போச்சு. வந்து கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

"யார் கேட்டா?"

"சங்கத்துலேருந்து ஆள் அனுப்பியிருந்தாங்க. தலைவர் கேட்கிறார்னு."

பக்கம் பக்கமாகத் தேடினோம். மூன்று பவளக்காலிகள், மூன்று வேறு மாதம், மூன்று வேறு எடை. ஒரே ஒரு கட்டம் மட்டும் மூன்றிலும் ஒன்றாக இருந்தது. பிடித்த இடம்: வலை 14.

"பதினாலு எங்கே இருக்கு ஐயா?"

"எனக்கு முட்டி போனதுக்கப்புறம் ஏரிக்கு அவதான் போறா. நம்பர் எல்லாம் அவ வச்சது. வரைபடம் சங்கக் கட்டடத்துல தொங்கும்." நோட்டைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். "உன் கையை விட்டு இறங்கக் கூடாது."

சங்கக் கட்டடத்தை அடைந்தபோது மணி மூன்றே முக்கால். ஏரிக்கரையில் நீளமான ஒரு பழைய ஹால். கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த பறவைகள். அத்தனை கண்ணாடிக் கண்களும் வாசலையே பார்த்தன. செத்தும் முறைக்கிறதுகள்.

"இதுல பாதி நான் பிடிச்சுக் குடுத்தது," என்றார் வலைக்காரர் மெதுவாக.

செயலாளர் மட்டும்தான் இருந்தார். பை பையாய் வைத்த பச்சை மேல்சட்டை, கழுத்தில் தொலைநோக்கி, தோளில் கேமரா. வளையக்காரியைச் சங்கத்தில் சேர்த்துவிட்டவரே இவர்தான். வலைக்காரரைக் கண்டதும் கண்கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என் பொண்ணு மாதிரிங்க. டாக்டர்கிட்ட மோதாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

வரைபடத்தில் பதினாலைத் தேடி விரலை வைத்தார். வடக்குக் கரை. பழைய பம்பு ஹவுஸ்.

"அங்கேயா? ஐயையோ. நான் அந்தப் பக்கம் போயே ஆறு மாசமாச்சு. முழுக்கப் பாம்பு." அப்போதுதான் என் கையில் இருந்த துணிச் சுருளைப் பார்த்தார். "பதிவேடா? கிடைச்சிடுச்சா! அப்பாடா!"

அந்த 'அப்பாடா'வில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"போலீஸைக் கூட்டிட்டுப் போகலாம்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கூட்டிட்டு வாங்க. ஆனா இன்னைக்குப் புத்தகம் கிடைச்சது டாக்டருக்குத் தெரிஞ்சா, அந்தப் பொண்ணை அவர் இன்னும் எதுக்கு உயிரோட வச்சிருப்பார்? நான் ஜீப்பை எடுக்கிறேன். சுத்திப் போகணும், நாற்பது நிமிஷம். பின்னாடி முழுக்க டெலஸ்கோப் ஸ்டாண்டு, ஒரு ஆள்தான் ஏறலாம்."

"நான் போறேன்," என்றேன். யாரும் என்னைத் தள்ளவில்லை.

வாசலருகே பெரிய கரும்பலகை. இந்த வருடம் யார் எத்தனை வகைப் பறவை பார்த்தார்கள் என்ற பட்டியல். டாக்டர் 211, செயலாளர் 212.

"குற்றவாளியைவிட ஒரு குருவி அதிகமா வச்சிருக்கீங்க சார்."

அந்த அவசரத்திலும் அவர் முகம் மலர்ந்தது. "பன்னிரண்டு வருசமா அந்த ஆள்தான் முதல். பார்த்த அன்னைக்கே எழுதணும், நேரம் போடணும். மறுநாள் எழுதினா செல்லாது. இந்த வருசம் நான் விடமாட்டேன்."

ஜீப் கிளம்பியது.

பதினைந்து நிமிடம் நல்ல சாலை. அதன்பின் கரையோர மண்தடம். வலப்பக்கம் நாணல், இடப்பக்கம் முள்ளுக்காடு. எதிரில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அப்போது என் போன் நடுங்கியது. போஸ்ட்மாஸ்டர்.

"படிச்சதும் சிரி."

அடுத்து ஒரு படம். கரும்பலகையின் கடைசி வரி. செயலாளரின் கையெழுத்து: 212. கூகை. ஏரி. பகல் 2.20. தேதி, வளையக்காரி காணாமல் போன அன்றைய தேதி.

அடுத்து: "கூகை, அதான் வெள்ளை ஆந்தை, பகல்ல வெளிய வராது. இருட்டான பாழுங்கட்டடத்துக்குள்ள தூங்கும். ஏரியைச் சுத்தி பாழடைஞ்சது ஒரே ஒரு கட்டடம்தான்."

ஆறு மாதமாகப் போகாத கட்டடம்.

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துணிச் சுருளை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"என்னம்மா, என்ன ஜோக்?"

"எங்கம்மா சார். வரும்போது துணி சோப்பு வாங்கிட்டு வரணுமாம்."

"அம்மாங்க எல்லாம் ஒரே மாதிரி," என்றார் அன்பாக. என் பக்கம் சாய்ந்து கதவின் பூட்டை அழுத்தினார். "இது சரியா மூடாது. விழுந்து கிழுந்து வைக்காதே."

டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். எழுதிக் கொடுத்தது இந்தக் கை. நோட்டைக் கேட்டு ஆள் அனுப்பியதும் இந்தக் கை. எண்ணூறு பறவைகளை மறைக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரே ஒரு கூகையை மறைக்க முடியவில்லை. ஒரு பெண்ணைக் கட்டிப்போட உள்ளே போனபோது உத்திரத்தில் அது உட்கார்ந்திருந்திருக்கிறது. பார்த்த அன்றே எழுதினால்தான் செல்லும். எழுதிவிட்டார்.

போன் மறுபடி நடுங்கியது. "போலீஸுக்குச் சொல்லியாச்சு. நாங்க படகுல வர்றோம். இழுத்தடி."

எதை வைத்து இழுத்தடிப்பது? எனக்குக் காக்காய்க்கும் குயிலுக்குமே வித்தியாசம் சொல்ல வராது. நாணல் ஓரத்தில் ஏதோ ஒரு பழுப்புக் குஞ்சு தண்ணீரைக் கொத்திக்கொண்டிருந்தது.

"சார்! அது என்ன? புருவம் வெள்ளையா, காலு மஞ்சளா... வாலு வேற ஆட்டுது!"

"உள்ளானா இருக்கும்." ஜீப் நிற்கவில்லை.

"அப்படியா. போன மாசம் டாக்டர் இதைத்தான் தேடிக்கிட்டிருந்தாராம். குழுவுல பேசிக்கிட்டாங்க."

ஜீப் நின்றது.

சத்தியமாக நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கொலைக்குப் போகிற வழியில், அந்த மனுஷன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். அது நாணலுக்குள் நுழைந்தது. அவர் காத்திருந்தார். வெளியே வந்தது. "புருவம் வெள்ளைதான்... ஆனா மஞ்சள் எங்கே?" அது திரும்பிக்கொண்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். அது எது என்று தெரியாவிட்டாலும் அதன் குலம் தழைக்கட்டும்.

"சாதா உள்ளான்," என்று கடைசியில் தொலைநோக்கியை இறக்கினார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உனக்குப் பறவைகள் மேல ஆர்வம் இல்லையே. குழுவையெல்லாம் உக்காந்து படிக்கிறியா?"

"பொழுது போகலைன்னா படிப்பேன் சார்."

அவர் ஜீப்பைக் கிளப்பி வேகத்தைக் கூட்டினார்.

பம்பு ஹவுஸ் தெரிந்தது. கூரை பாதி இடிந்த செங்கல் கட்டடம். கதவில் துருப்பிடித்த தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் பளபளவென்று புதுப் பூட்டு. இறங்கினோம். சுவரின் பக்கவாட்டில் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் இருண்ட புதர். வெயில் சாய்ந்துவிட்டதால் அந்தப் பாதை குகை மாதிரி இருந்தது.

தூரத்தில் கரைப்பக்கம் ஒரு பறவை கத்தியது. கீச்சென்று, நிறுத்தாமல்.

செயலாளரின் தலை சட்டென்று திரும்பியது. "ஆட்காட்டி."

"பாம்பைப் பார்த்திருக்கும் சார்."

"பாம்புக்கு வேற மாதிரி கத்தும்." அவர் குரலில் அன்பு வடிந்துபோயிருந்தது. "இது மனுசனுக்குக் கத்துற கத்து. யாரோ கரையேறியிருக்காங்க."

காப்பாற்ற வந்தவர்களை ஒரு பறவை காட்டிக்கொடுத்துவிட்டது. அதன் குலமும் தழைக்கட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னது யாரு?" என்று கேட்டபடி ஜீப்பின் பின்பக்கம் கையை விட்டார். டெலஸ்கோப் ஸ்டாண்டின் இரும்புக் கால் ஒன்று அவர் கையோடு வந்தது. "புத்தகத்தைக் கீழே வை. இது எங்கேன்னு மூணு நாளா அவ வாயைத் திறக்கலை. இது என் கைக்கு வந்துட்டா உங்க ரெண்டு பேரோட கதையும் முடிஞ்சுது."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். மரத்தில் நகம் பிராண்டுகிற மாதிரி. பிறகு அடைத்த குரலில் ஒரே சொல்.

"குடுக்காதே."

நான் ஓடினேன். எங்கே என்று யோசிக்கவில்லை. நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுப் பாதையில், இருட்டுக்குள். பின்னால் அவருடைய பூட்ஸ் சத்தம். இரும்புக் கால் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. அது என் மண்டைக்கு எத்தனை அடி தூரம் என்று என் மண்டை கணக்குப் போட்டது. நான்கு. மூன்று.

புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வெடித்தது.

"குனி பாப்பா!"

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருத்தர் சொன்னதும் குனிந்தேன். குனிந்ததோடு நிற்காமல் விழுந்து உருண்டேன். முகத்துக்கு மேலே ஏதோ ஒன்று மயிரிழையாய்த் தொட்டுவிட்டுப் போனது.

நிமிர்ந்து வந்தவர் நேராகக் காற்றில் மோதினார்.

காற்று அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே சுருட்டிக் கட்டியிருந்த மகளின் பதினாலாம் வலையை வலைக்காரர் கரையேறியதும் அவிழ்த்து விட்டிருந்தார். தொலைநோக்கியின் வார், கேமராவின் கொக்கி, மேல்சட்டையின் பதினோரு பைகள், பதினோரு பொத்தான்கள். திமிறத் திமிற வலை அவர்மேல் சுருண்டது. கம்பங்கள் சாய்ந்தன. கீழே விழுந்தபோது இரும்புக் கால் எங்கோ தெறித்தது, கைகள் இரண்டும் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டன. போஸ்ட்மாஸ்டர் ஓடிவந்து இரும்பைக் காலால் தள்ளினார். தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"உன்னை அந்த ஜீப்புல ஏத்திவிட்டுட்டுத்தான் பலகையைப் படிச்சேன்," என்றார். "இருபத்தாறு வருசத்துல ஒரு கடுதாசியைக்கூட நான் இப்படித் தப்பான விலாசத்துக்கு அனுப்பினதில்லை."

"ஸ்டாம்பு ஒட்டாம வேற அனுப்பிட்டீங்க சார்," என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

வலைக்காரர் எங்களைக் கவனிக்கவில்லை. இரும்புக் காலைப் பொறுக்கிக்கொண்டு நொண்டி நொண்டிக் கதவுக்கு ஓடினார். மூன்றே அடி, பூட்டு தெறித்தது. உள்ளே உத்திரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேல் பறந்து வெளியேறியது. இருநூற்றுப் பன்னிரண்டு.

அவள் கதவோரத்திலேயே கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. மணிக்கட்டில் கயிறு தின்ற தடம். அப்பாவின் தோளைப் பிடித்து வெளியே வந்தவள் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். பாட்டில் காலியானது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"உங்கப்பா காலைப் பார்த்தார்."

"படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். பின்னாடி இடம் தெரியக் கூடாது, வெட்டிட்டு அனுப்புன்னான். வெட்டுற இடத்துலயேதான் திருப்புற பொத்தானும் இருக்கு." மூச்சு வாங்கினாள். "குழுவுல யாராவது கேட்டாங்களா?"

நான் காலிப் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"இதயம் போட்டாங்களா?"

"எழுபது."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு வலைக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"கழுத்து இறுகுதும்மா! வெட்டிவிடச் சொல்லு!"

"வலையை வெட்ட மாட்டோம் சார். நீங்கதானே சொல்வீங்க, வலை விலை அதிகம்னு," என்றாள். "அப்பா, வாரை மட்டும் கழுத்துலேருந்து தளர்த்திவிடு. மூச்சு விடணும்."

வலைக்காரர் குனிந்து, அத்தனை பறவைகளை விடுவித்த அதே பொறுமையோடு, ஒரு வாரைத் தளர்த்தினார். ஒரே ஒரு வாரை.

அவள் என்னிடம் கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். அது என் கையை விட்டு இறங்கியது அப்போதுதான். போஸ்ட்மாஸ்டரின் பேனாவை வாங்கி, சுவரில் சாய்ந்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

வலை: 14. நேரம்: மாலை 5.10. எண்ணிக்கை: ஒன்று.

வளையம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. மண்தடத்தில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. 'வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினாள்.

கடைசிக் கட்டம், விடுவித்த நேரம். அதில் குறுக்கே ஒரு கோட்டை இழுத்து நோட்டை மூடினாள்.